எண்ணெய் நாட்டைக் காப்பது பல தொழிலே

நடுவர் அவர்களே, ராயபுரத்துப் பெரியோர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் காசிமேட்டுத் தாய்மார்களே, வணக்கம்.

‘கச்சா எண்ணெயை நம்பியிருக்கும் நாட்டைக் காப்பது சேமிப்பா, பல தொழிலா?’ என்பது தலைப்பு. எதிரணித் தலைவர் நார்வேயைக் காட்டி, எண்ணெய் விற்ற பணத்தை நிதியத்தில் போட்டுவைத்தால் போதும் என்றார். போதாது ஐயா.

எங்கள் வீட்டைச் சொல்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அப்போதும் எங்கள் வீட்டில் உலை கொதித்தது. அப்பா வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து, கட்டைவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்து, ஊசியால் ஒவ்வொரு கண்ணாக முடிந்துகொண்டிருப்பார். அடுத்தவர் வலை, கூலி வரும். அம்மா கருவாட்டுக் கூடையோடு தண்டையார்பேட்டைக்குப் போவார். பக்கத்து வீட்டுக்காரருக்குப் படகில் போவதைத் தவிர வேறு தெரியாது. அந்த வாசலில் வட்டிக்காரர் நிற்பார்.

நைஜீரியாவில் 1956இல் எண்ணெய் கிடைத்தது. 1960களில்கூட அங்கே கானோ நகரில் நிலக்கடலை மூட்டைகள் பிரமிடுகளாக அடுக்கப்பட்டு ரயிலுக்குக் காத்திருந்தன. அடுத்த பத்தாண்டில் எண்ணெய்ப் பணம் கொட்டியது. நாணய மதிப்பு ஏறியது, வெளிநாட்டுச் சரக்கு மலிந்தது, உழவனின் கடலைக்கு விலை கட்டவில்லை. வறட்சியும் பயிர்நோயும் சேர்ந்துகொண்டன. எண்ணெய்தான் இருக்கிறதே என்று, விழுந்ததைத் தூக்கி நிறுத்த யாரும் அவசரப்படவில்லை. 2014இல் 100 டாலருக்கு மேல் விற்ற பீப்பாய் 2016 ஜனவரியில் 30 டாலருக்குக் கீழே போனபோது அந்த நாடு டாலருக்குத் திண்டாடியது.

இந்தோனேசியாவும் எண்ணெய் நாடுதான். 1980களின் தொடக்கத்தில் அதன் ஏற்றுமதி வருவாயில் முக்கால் பங்குக்கு மேல் எண்ணெயும் எரிவாயுவும். விலை சரிந்ததும் துணி, காலணி, ஒட்டுப்பலகை என்று பல தொழில்களில் இறங்கியது. 1990களின் நடுவில் எண்ணெய், எரிவாயுவின் பங்கு கால்வாசி அளவுக்கு வந்துவிட்டது.

இடால்கோ, ஹவுஸ்மன் என்ற இரு ஆய்வாளர்கள் சொல்வது இதுதான்: ஒரு நாட்டின் ஏற்றுமதிப் பட்டியலே அந்த மக்களின் கைக்கு என்னென்ன தெரியும் என்று காட்டிவிடும், புதுத் தொழில் பழைய தொழிலின் பக்கத்தில்தான் முளைக்கும். இதற்குச் சாட்சி நம் திருவொற்றியூர். 1950களில் பிரிட்டனிலிருந்து வந்த பாகங்களைப் பூட்டித்தான் இங்கே என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் செய்தார்கள். பிறகு பாகங்களையே செய்யக் கற்றார்கள். அங்கே தாய்த் தொழிற்சாலை மூடிய பிறகும் இங்கே பட்டறை ஓடியது. 1977இல் பிரிட்டனுக்கே வண்டி கப்பலேறியது!

நார்வே வடகடலில் பெரிய எண்ணெய் வயலைக் கண்டது 1969இல். அதற்கு வெகுகாலம் முன்பே அவர்களுக்குக் கப்பல் கட்டத் தெரியும், கடலோடத் தெரியும். அந்தக் கைகள்தான் எண்ணெய் மேடைகளையும் கட்டின. நிதியத்துக்குச் சட்டம் வந்ததோ 1990இல். எதிரணியினர் காட்டிய சாட்சி எங்கள் பக்கம் நிற்கிறது, நடுவர் அவர்களே.

‘எண்ணெய் குறையும்போது கற்றுக்கொள்ளலாமே’ என்றும் கேட்டார்கள். என் அப்பா வலை முடியக் கற்றது தடைக்காலத்தில் அல்ல. பத்து வயதில், தாத்தாவின் பக்கத்தில் உட்கார்ந்து, கரைக்குக் கூடை கூடையாக மீன் வந்துகொண்டிருந்த நாட்களில்.

நன்றி, வணக்கம்.