கண்டியின் கடைசி ராஜா: கொடுங்கோலன்தான், ஆனால் யார் சொன்ன கதை?

[திரையில்: வேலூர், பாலாற்றங்கரை, முத்து மண்டபம்]

வேலூரில் இருக்கிறவர்களிலேயே பலருக்கு இது யாருடைய சமாதி என்று தெரியாது. உள்ளே இருப்பவர் இலங்கையில் இருந்த கண்டி ராஜ்ஜியத்தின் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். இயற்பெயர் கண்ணுசாமி, நாயக்கர் வம்சம். 1798-ல் பட்டத்துக்கு வந்து, 1815-ல் பிரிட்டிஷாரிடம் பிடிபட்டு, வேலூர்க் கோட்டையில் கைதியாக இருந்து 1832-ல் இறந்துபோனார்.

இவர் பேச்சை எடுத்தாலே இரண்டு கட்சி. ஒரு கட்சிக்கு இவர் அரக்கன், இன்னொரு கட்சிக்கு வெள்ளைக்காரன் சூழ்ச்சியில் விழுந்த அப்பாவித் தமிழ் மன்னன். எனக்கு இரண்டிலும் சம்மதம் இல்லை.

முதலில் கொடுமையைப் பேசிவிடுவோம், அதை மழுப்பவே முடியாது. 1814-ல் முதலமைச்சர் எகலப்பொல கலகம் செய்து தோற்று, பிரிட்டிஷார் வசமிருந்த கொழும்புக்கு ஓடிவிட்டார். மனைவி, பிள்ளைகள் கண்டியில் ராஜாவின் பிடியில். பிள்ளைகளின் தலையை வெட்டினார்கள். மூத்தவன் பயந்து பின்வாங்க, சின்னவன் மத்தும பண்டார முன்னால் வந்து கழுத்தைக் கொடுத்தான் என்பது இலங்கையில் இன்றும் சொல்லப்படுகிற கதை. வெட்டிய தலைகளை உரலில் போட்டுத் தாய் கையிலேயே உலக்கையைக் கொடுத்து இடிக்கச் சொன்னார்கள், அப்புறம் அவளை போகம்பரைக் குளத்தில் மூழ்கடித்தார்கள் என்றும் சொல்கிறார்கள். இதை விரிவாக எழுதிவைத்தவர்களில் ஒருவரான பிரிட்டிஷ் ராணுவ மருத்துவர், சம்பவம் நடந்தபோது இலங்கையிலேயே இல்லை. அதனால் உரல், உலக்கையில் எவ்வளவு கைச்சரக்கு என்று தாராளமாகச் சண்டை போடலாம். ஆனால் அந்தக் குடும்பத்தைக் கொன்றது நிஜம்.

[திரையில்: ஓலைச்சுவடி]

சரி, இப்போது கொழும்புப் பக்கம் வருவோம். கண்டியை விழுங்கும் ஆசை அங்கே எப்போதோ வந்துவிட்டது. இவரைப் பட்டத்தில் உட்கார வைத்த அன்றைய முதலமைச்சர் பிலிமத்தலாவையே, அடுத்த வருஷமே பிரிட்டிஷ் ஆளுநர் நார்த்தோடு ரகசியமாகப் பேரம் பேசினார். 1803-ல் பிரிட்டிஷ் படை கண்டிக்குள் புகுந்து முத்துசாமி என்ற இன்னொரு நாயக்கரை அரியணையில் உட்கார வைத்தது. அது படுதோல்வியில் முடிந்தது, பிரிட்டிஷ் சிப்பாய்கள் கூட்டமாகக் கொல்லப்பட்டார்கள். கவனியுங்கள், எகலப்பொல குடும்பத்துக்கு அந்தக் கதி வருவதற்குப் பதினோரு வருஷம் முன்னால் நடந்தது இது.

படையால் முடியாததைப் பிறகு ஜான் டாய்லி ஓலையால் செய்தார். சிங்களம் நன்றாகக் கற்ற அதிகாரி. கண்டிப் பிரதானிகளுக்கு ரகசியக் கடிதம், பரிசு, ஊர் ஊராக ஒற்றர்கள் என்று வருஷக்கணக்கில் பொறுமையாக வலை பின்னினார். தன்னைச் சுற்றி எல்லாரும் விலைபோகிறார்கள் என்ற சந்தேகம் ராஜாவுக்குப் பைத்தியக்காரத்தனம் இல்லை, பாதி உண்மை. அந்தச் சந்தேகத்தில் அவர் செய்ததுதான் பைத்தியக்காரத்தனம்: கொழும்புப் பக்கத்திலிருந்து போன துணி வியாபாரிகளை ஒற்றர்கள் என்று பிடித்து மூக்கையும் காதையும் அறுத்தார். ஆளுநர் பிரவுன்ரிக்குக்கு வேறென்ன வேண்டும்? 1815 ஜனவரியில் போர், பிப்ரவரியில் ராஜா கைது.

[திரையில்: கண்டி ஒப்பந்தம், கையெழுத்துகள்]

மார்ச் 2-ல் ஒப்பந்தம். சில பிரதானிகளின் கையெழுத்து தமிழ் எழுத்தில் இருக்கிறது, பெரிதாக்கிப் பாருங்கள். முதல் பிரிவு, "மலபார்" அரசன் விசாரணையே இல்லாமல் சித்திரவதையும் மரண தண்டனையும் விதித்தான் என்று குற்றம் சாட்டுகிறது. மலபார் என்றால் கேரளம் இல்லை, அன்றைய காலனிக் காகிதங்களில் தமிழர்களுக்கு அதுதான் பெயர். எல்லாரும் இந்தப் பிரிவோடு நிறுத்திவிடுகிறார்கள். மூன்றாவது பிரிவையும் படியுங்கள்: ராஜாவின் ஆண் உறவினர்கள் எல்லாரும் எதிரிகள், அனுமதி இல்லாமல் கண்டிச் சீமைக்குள் கால் வைக்கக் கூடாது. மக்களைக் காப்பாற்ற வந்தவர்கள் வாரிசுக் கணக்கையும் கையோடு முடித்துவிட்டார்கள்!

இரண்டே வருஷத்தில் கண்டிச் சீமையின் ஊவாப் பகுதியில் பிரிட்டிஷாருக்கு எதிராகக் கிளர்ச்சி வெடித்தது. அதை அடக்க ஊர்களைக் கொளுத்தினார்கள், நெல்லை அழித்தார்கள், தலைவர் கெப்பெட்டிபொலவின் தலையை வெட்டினார்கள்.

எகலப்பொல? ராஜாவை விரட்டினால் தனக்குப் பட்டம் கிடைக்கும் என்று காத்திருந்த மனிதர். 1818-ல் சந்தேகத்தின்பேரில் பிரிட்டிஷார் அவரையும் பிடித்தார்கள், ஏழு வருஷம் காவலில் வைத்துவிட்டு 1825-ல் மொரீஷியஸுக்குக் கப்பலேற்றினார்கள், 1829-ல் அங்கேயே செத்தார். விசாரணை எதுவும் இல்லாமலே.