ஊட்டிக் குளிர்ல ஏர் பிஸ்டல்: கேஜ் காட்டுற 200 நிஜமாவே 200 தானா?

வணக்கம். இன்னைக்கு 10 மீட்டர் ஏர் பிஸ்டலுக்கு எவ்வளவு காத்து அடைக்கலாம், எந்த பெல்லட் (சின்ன ஈயக் குண்டு) போடலாம்னு பாப்போம். அருவங்காட்டுல கார்டைட் பேக்டரி இருக்குற மலை இது, துப்பாக்கின்னு சொன்னாலே மருந்து, தோட்டான்னு பேச்சு அங்க போயிரும். தோட்டாவுக்கு வீட்ல மருந்து நிரப்புறது உரிமம் இல்லாம செய்யக்கூடாத வேலை, அதுக்குள்ள நான் போகல. ஏர் பிஸ்டல்ல மருந்தே கிடையாது. அடைச்சு வெச்ச காத்துதான் பெல்லட்டைத் தள்ளுது. அதுக்காக காத்துதானேன்னு அசால்ட்டா இருந்துராதீங்க. காத்தழுத்தத்தை பார்ங்கிற அளவுல சொல்வாங்க. கார் டயர்ல 2 பார் சொச்சம், பிஸ்டல்ல மாட்டுற இந்த சின்ன சிலிண்டர்ல 200.

பிரஷர் காட்டுற இந்த கேஜைப் பாருங்க. முள்ளு 200-ல நிக்குது. எந்தச் சூட்டுல 200-ங்கிறத அது சொல்லாது. மார்ச் மாசக் காலையில ஊட்டியில 8 டிகிரி இருக்கும்போது சரியா 200 அடைச்சிட்டு, கோயமுத்தூர்ல மேட்ச்னு கீழ இறங்குறீங்கன்னு வைங்க. அங்க 36 டிகிரி. ஒரு சொட்டு காத்து சேர்க்காமலே முள்ளு 220 பக்கம் வந்துரும். வெயில்ல மூடின காருக்குள்ள 60 டிகிரி ஆச்சுன்னா 235-ஐத் தாண்டும். 200 பார் அளவுல 10 டிகிரிக்கு சுமாரா 7 பார் ஏறும், இறங்கும். இந்த ஒரு கணக்கை மனசுல வெச்சுக்குங்க. கீழ போற திட்டம் இருந்தா இங்க 180-ல நிறுத்துங்க, கோயமுத்தூர்ல அதுவே 198 ஆயிரும். கார்ல மட்டும் விட்டுட்டுப் போகாதீங்க. கீழ அடைச்ச 200 இங்க வந்து 182 காட்டினா லீக்குன்னு பயந்து ஓ-ரிங்கை (காத்து கசியாம அடைக்கிற ரப்பர் வளையம்) கழட்ட வேண்டாம். அது வெறும் குளிர்.

இப்ப நிரப்புற வேலை. முதல்ல சிலிண்டர்ல பொறிச்சிருக்குற தேதி. தயாரிச்சு 10 வருஷம் தாண்டிருந்தா அதை ஓரமா வெச்சிருங்க, போட்டியிலயும் எடுக்க மாட்டாங்க. செகண்ட் ஹேண்ட் பிஸ்டல் வாங்குறவங்க பிஸ்டலைத் தடவித் தடவிப் பாப்பாங்க, இந்தத் தேதியைப் பாக்க மாட்டாங்க. அடுத்து, அதிகபட்சம் எவ்வளவுன்னு சிலிண்டர் மேலயே இருக்கும், அதைப் படிங்க. நாம காத்து எடுக்குற பெரிய ஸ்கூபா சிலிண்டர்ல (கடல்ல முங்குறவங்க முதுகுல மாட்டுறது) 232 பார் இருக்கலாம், 300-ம் இருக்கலாம். வால்வைத் திறந்து விட்டுட்டு அந்தப் பக்கம் திரும்பினா உங்க 200 பார் சிலிண்டருக்குள்ளயும் அதே பிரஷர் போய் உக்காந்துரும்.

ரெண்டு சிலிண்டரையும் இணைக்கிற அடாப்டரைக் கையால திருகினா போதும். வால்வை இந்த மாதிரி, கொஞ்சமா... காத்து உள்ள போற சத்தம் லேசா கேக்குற அளவுக்கு மட்டும். ஒரு நிமிஷத்துக்கு மேல ஆகட்டும். வேகமா விட்டா சிலிண்டர் சூடாகும், அந்தச் சூட்டுல முள்ளு 200 காட்டும், ஆறினதும் 185-க்கு வந்து நிக்கும். நிரம்பினதும் வால்வை மூடி, ப்ளீட் ஸ்க்ரூவைத் திறந்து நடுவுல மாட்டின காத்தை வெளிய விடுங்க. அதுக்கப்புறம்தான் கழட்டணும். கழட்ட வரலைன்னா உள்ள இன்னும் பிரஷர் இருக்குன்னு அர்த்தம். ஸ்பேனரைத் தேடாதீங்க.

ரெண்டு விஷயத்துல விளையாடவே கூடாது. ஒண்ணு, வெல்டிங் பட்டறையில ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கே, அதுல நிரப்பலாமான்னு யோசிக்கிறது. கூடவே கூடாது. அந்த பிரஷர்ல சுத்த ஆக்சிஜன் கொஞ்சம் கிரீஸைத் தொட்டாலே தீப்பிடிச்சு வெடிக்கும். ரெண்டாவது, ஓ-ரிங் காஞ்சிருக்குன்னு தையல் மெஷின் எண்ணெய் விடுறது. தயாரிப்பாளர் சொன்ன சிலிக்கான் கிரீஸ் மட்டும், அதுவும் விரல்ல தடவி வழிச்ச அளவு.

ஹேண்ட் பம்ப் வெச்சிருக்கவங்களுக்கு இங்க வேலை ஜாஸ்தி. ஊட்டி 2240 மீட்டர் உயரம், காத்தழுத்தமே கீழ இருக்குறதுல முக்கால் பங்குதான். கீழ 100 தடவை அடிக்கிற இடத்துல இங்க 130 அடிக்கணும். மழைக்காலத்துல ஈரமும் சேர்ந்து உள்ள போகும், தண்ணி தங்கி, பிரஷரை இறக்கிக் குடுக்குற ரெகுலேட்டரைக் கெடுக்கும். 50 தடவை பம்ப் அடிச்சதும் நிறுத்தி ஆறவிட்டு, பம்ப்ல ப்ளீட் பண்ணுங்க. அப்ப துளித்துளியா தண்ணி வரும் பாருங்க, அது உங்க சிலிண்டருக்குள்ள போயிருக்கும். ஆனா உயரம் மாறுதேன்னு குறி பாக்குற சைட்டைத் திருப்ப வேண்டாம், 10 மீட்டர்ல அந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது.

180-ல நிறுத்தினா வேகம் குறையாதான்னு தோணும். குறையாது. சிலிண்டர் பிரஷர் நேரா பெல்லட்டுக்குப் போறதில்ல, நடுவுல ரெகுலேட்டர் அதை 60, 70 பார் அளவுக்கு இறக்கித்தான் அனுப்புது. சிலிண்டரே அந்த அளவுக்கு இறங்கினாத்தான் குண்டு கீழ விழ ஆரம்பிக்கும். 60 ஷாட் மேட்ச், அதுக்கு முன்னாடி சைட்டிங் (குறி சரிபாக்குற ஷாட்), எல்லாத்துக்கும் 180 தாராளம். பிஸ்டல் ராத்திரி பூரா சும்மா இருந்திருந்தா முதல் ரெண்டு மூணு ஷாட்டைக் கணக்குல எடுக்காதீங்க, ரெகுலேட்டர் நிலைக்கு வரட்டும்.

பெல்லட்டுக்கு வருவோம். 4.5 மி.மீ., தட்டைத் தலை, பேப்பர்ல ஓட்டை சுத்தமா விழும். பிஸ்டலுக்கு 0.45 கிராம் எடுங்க, 0.53 பொதுவா ரைபிளுக்கு. டப்பா மேல 4.49, 4.50-ன்னு போட்டிருக்கறது தலையோட விட்டம். எது நல்லதுன்னு கடைக்காரரால சொல்ல முடியாது, உங்க பேரல்தான் சொல்லணும். பிஸ்டலை வைஸ்ல ரப்பர் வெச்சுக் கட்டி, ஒவ்வொரு அளவுலயும் 10 ஷாட் அடிச்சு, ஓட்டைக் கூட்டத்தோட வெளி விளிம்புல இருந்து வெளி விளிம்பு வரை அளங்க. டார்கெட்ல பத்து பாயின்ட் வட்டமே 11.5 மி.மீ.தான். கூட்டம் 8-க்குள்ள வந்தா அந்த டப்பாவையே, அதே பேட்ச் நம்பர்லயே வாங்கி வைங்க.

இதைக் கிட்டத்துல காட்டுறேன். அடிப்பக்கம் இந்த ஸ்கர்ட் ஒரு இடத்துல நசுங்கியிருக்கு பாருங்க, இது பயிற்சிக்குக்கூட வேண்டாம். இன்னொண்ணு, மேல வெள்ளையா மாவு மாதிரி படிஞ்சிருக்கு. நம்ம ஊர் ஈரத்துல ஈயம் இப்படித்தான் ஆகும். அந்த வெள்ளை விஷம், ஊதித் தள்ளாதீங்க, துணியில துடைச்சு மறுபடி அடிக்கவும் பாக்காதீங்க. டப்பாவை சிலிக்கா ஜெல் பொட்டலத்தோட காத்துப் புகாத பெரிய டப்பாவுக்குள்ள வைங்க, சமையலறைப் பக்கம் வேண்டாம். பெல்லட்டைத் தொட்ட கையை சோப்பு போட்டுக் கழுவிட்டு அப்புறம் வர்க்கியைத் தொடுங்க.