பனிப்புயலில் கார் நின்றுவிட்டால்: இறங்கி நடப்பதா, உள்ளேயே இருப்பதா?

[காட்சி: சக்கரம் வரை பனியில் புதைந்த கார்களின் நீண்ட வரிசை]

2022 ஜனவரியில் பாகிஸ்தானின் முர்ரி மலைப்பகுதிக்குப் பனி பார்க்கப் போன ஏராளமானவர்களின் வாகனங்கள், கடும் பனிப்பொழிவில் இரவு முழுவதும் சாலையிலேயே சிக்கி நின்றன. 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். குளிர் மட்டுமல்ல, கார்களுக்குள் சேர்ந்த கார்பன் மோனாக்சைடு வாயுவும் அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. அதனால்தான், கார் நின்றுபோன பிறகு வரும் மணி நேரங்களுக்கே இந்த வீடியோவில் அதிக இடம் கொடுக்கிறேன்.

முதலில், கிளம்புவதற்கு முன். பனிப்புயல் எச்சரிக்கை வந்துவிட்டால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். எவ்வளவு தேர்ந்த ஓட்டுநரானாலும், முன்னால் சாலையே தெரியாதபோது அந்தத் திறமை உதவாது. போயே ஆக வேண்டுமென்றால் எரிபொருளைப் பாதி டேங்குக்குக் கீழே இறங்க விடாதீர்கள். கம்பளி, தண்ணீர், உணவு, டார்ச், சிறிய மண்வாரி ஆகியவை காருக்குள் இருக்கட்டும். எந்த வழியாகப் போகிறீர்கள், எப்போது போய்ச் சேருவீர்கள் என்பது வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

[காட்சி: ஈரமாக மின்னும் பாலம்]

இந்தப் பாலம் நனைந்திருப்பதுபோல் தெரிகிறது. உண்மையில் அதன்மேல் கண்ணாடிபோல மெல்லிய பனிக்கட்டி படர்ந்திருக்கிறது. தரைச் சாலைக்கு அடியில் மண்ணின் சூடு கொஞ்சமாவது இருக்கும். பாலத்துக்கு மேலும் கீழும் குளிர்காற்றுதான். அதனால் அது முதலில் உறைகிறது. பனிக்கட்டியில் வண்டி நிற்க எடுக்கும் தூரம், உலர்ந்த சாலையில் ஆவதைப்போலப் பத்து மடங்கு வரை நீளும். வழுக்கத் தொடங்கினால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, போக வேண்டிய திசையில் ஸ்டீயரிங்கை மெதுவாகத் திருப்புங்கள். வெடுக்கென்று திருப்பினால் வண்டி சுழன்றுவிடும்.

[காட்சி: நின்றுபோன காரின் பின்பக்கம். சைலன்சர் குழாயைப் பனி மூடியிருக்கிறது.]

இப்போது கார் நின்றுவிட்டது. உதவிக்கு அழைத்துவிட்டீர்கள். இறங்கி நடக்கத் தோன்றும். தங்கக்கூடிய கட்டடம் கண்ணெதிரே, மிக அருகில் இருந்தாலொழிய நடக்காதீர்கள். வீசும் பனியில் சில அடி தூரத்திலேயே திசை தவறிப்போகும். மீட்புக் குழுவினருக்கும் தனியாக நடக்கும் மனிதரைவிடக் காரைக் கண்டுபிடிப்பது எளிது.

சரி, உள்ளே இருக்கிறீர்கள். ஹீட்டருக்காக எஞ்சினை ஓடவிடுகிறீர்கள். வெளியே சைலன்சர் குழாயின் வாயைப் பனி மூடியிருந்தால், புகை வெளியேற வழியில்லாமல் காருக்குள் நுழைகிறது. அதிலிருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுகப் பற்றிக்கொள்கிறது. தலைவலி, குமட்டல், மயக்கம்: எல்லாமே வெறும் களைப்பு என்றுதான் தோன்றும். தூங்கிப்போனவர் விழிப்பதே இல்லை.

ஆகவே, ஒவ்வொரு முறையும் எஞ்சினை இயக்குவதற்கு முன் இறங்கிப்போய் அந்தக் குழாயைச் சுற்றியுள்ள பனியை அகற்றுங்கள். ஒரு மணி நேரத்துக்குப் பத்து நிமிடம் ஓடினால் போதும். அந்தப் பத்து நிமிடமும் காற்று வீசாத பக்கத்து ஜன்னல் சற்றே திறந்திருக்கட்டும். குளிருமே என்று தயங்க வேண்டாம். ஒருமுறை அகற்றியாகிவிட்டது என்று விட்டுவிடவும் கூடாது. பனி கொட்டிக்கொண்டேதான் இருக்கிறது. பலர் இருந்தால் முறைவைத்துத் தூங்குங்கள், ஒருவராவது விழித்திருக்க வேண்டும். மின்சாரக் காரில் இந்த ஆபத்து இல்லை. அதில் காருக்குள் முழுவதும் சூடேற்றுவதைவிட இருக்கைச் சூட்டைப் பயன்படுத்தினால் பேட்டரி அதிக நேரம் தாங்கும்.

தாகத்துக்குப் பனியை அப்படியே தின்னாதீர்கள், அதை உருக்க உடலின் சூடுதான் செலவாகும். மது வேண்டவே வேண்டாம். அது தோலுக்கடியிலுள்ள ரத்தக் குழாய்களை விரியச் செய்கிறது. கதகதப்பாக உணரும்போதே உடல் வெப்பத்தை இழந்துகொண்டிருக்கும்.

[காட்சி: கம்பளிக்குள் ஒடுங்கிய இருவர்]

கூட இருப்பவரைக் கவனித்துக்கொண்டே இருங்கள். உடலின் உள்வெப்பம் 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் உயிருக்கு ஆபத்து. முதலில் நடுக்கம், பிறகு பேச்சு குழறும், சிந்தனை தடுமாறும். நடுக்கம் நின்றுபோனால் குளிர் விட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள். நிலைமை மோசமாகிவிட்டது என்பதே அதன் பொருள். அவசர உதவி எண்ணை உடனே மறுபடி அழைத்து அதைச் சொல்லுங்கள். ஈர உடையைக் களைந்து, உலர்ந்த கம்பளியால் போர்த்தி, மார்பையும் கழுத்தையும் முதலில் சூடாக்குங்கள்.

விரல்கள் வெளுத்து மரத்துப்போயிருந்தால் தேய்க்கக் கூடாது. உறைந்த திசு கிழிந்துவிடும். மறுபடி உறையும் வாய்ப்பு இருக்கும்வரை அவற்றைச் சூடாக்கி இளக்கவும் கூடாது. உலர்ந்த துணியால் தளர்வாகச் சுற்றிவைத்து, மீட்புக் குழு வந்ததும் முதலில் அதைக் காட்டுங்கள்.