கடைசி வீட்டிலிருந்து எழுதப்படும் பட்டியல்

படிப்பகத்தின் பொறுப்பாளர்களே, தாய்மார்களே, மாணவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நம் பகுதியில் சமூக நீதிக்காகவும் சிறுபான்மையினர் உரிமைக்காகவும் நாம் என்ன செய்யலாம் என்று பேசும்படி கேட்டிருந்தீர்கள். பட்டியல் என்ற ஒன்றைப் பற்றி மட்டுமே இன்று பேச விரும்புகிறேன். அரசியலமைப்புச் சட்டத்தின் 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்திருக்கிறது. 29, 30ஆவது பிரிவுகள் சிறுபான்மையினருக்கு மொழியையும் பண்பாட்டையும் காத்துக்கொள்ளவும், கல்வி நிறுவனங்களை நடத்தவும் உரிமை தந்திருக்கின்றன. ஆனால் வடசென்னையில், புளியந்தோப்பிலும் வியாசர்பாடியிலும் காசிமேட்டிலும் வாழும் ஒரு குடும்பத்துக்கு உரிமை என்பது பெரும்பாலும் ஒரு தாளில் தன் பெயர் இருக்கிறதா இல்லையா என்பதாகத்தான் வந்து சேருகிறது. குடும்ப அட்டை, வாக்காளர் பட்டியல், சாதிச் சான்றிதழ், பயனாளிகள் பட்டியல், ஒதுக்கீட்டு ஆணை ஆகியவற்றில் எதிலும் பெயரில்லாதவருக்குச் சட்டம் வீட்டு வாசல்வரை வருவதில்லை.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. எனக்குப் பதினொரு வயது இருக்கும்போது, ஒரு கோடைக்காலப் பிற்பகலில், வியாசர்பாடிக் கால்வாய்க் கரையில் எங்கள் குடிசைகள் தீப்பிடித்து எரிந்தன. என் தாயார் குடும்ப அட்டையையும் சாதிச் சான்றிதழையும் எங்கள் பிறப்புச் சான்றிதழ்களையும் மஞ்சள் துணிப்பை ஒன்றில் போட்டு, வாசற்காலில் அடித்த ஆணியில் எப்போதும் மாட்டி வைத்திருப்பார். ஓடும்போது கை நீட்டினால் எடுத்துவிடலாம் என்பதற்காகவே அந்த இடம். அன்று பானை சட்டி, துணிமணி, தையல் இயந்திரம் எல்லாம் போயின. பை மட்டும் தப்பியது. மறுநாள் நிவாரணத்துக்குக் கணக்கெடுக்க வந்தவர் அட்டையைக் காட்டியவர்களின் பெயரை மட்டுமே எழுதினார். அட்டை எரிந்துபோனது என்று அழுதவர்களிடம், அட்டையைக் கொண்டுவந்தால் எழுதிக்கொள்கிறேன் என்றார். கடைசிக் குடிசையில் வாடகைக்கு இருந்த, கணவரை இழந்த தெலுங்கு பேசும் அக்கா ஒருவர் கைக்குழந்தையுடன் வரிசையின் ஓரத்தில் நின்றுகொண்டே இருந்தார். அவர் அங்கே நான்கு ஆண்டுகள் குடியிருந்தது சந்து முழுவதற்கும் தெரியும். ஆனால் ஒருவரும் அவருக்காக வாய் திறக்கவில்லை, எங்கள் வீட்டார் உட்பட. ஒரு பெயர் கூடினால் நமக்கு வருவது குறைந்துவிடுமோ என்ற அச்சம்தான் காரணம். கணக்கெடுத்தவர் மீது எனக்கு இருந்த கோபம் வளர்ந்த பிறகு தணிந்துவிட்டது. நாங்கள் பேசாமல் நின்றது மட்டும் இன்றுவரை என்னை உறுத்துகிறது.

பட்டியலில் இடம்பெறாமல் போவது ஒரு குடும்பத்துக்கு மட்டும் நேர்வதில்லை, முழுக் குடியிருப்புக்கே நேரும். ‘ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்போம்’ என்ற அண்ணாவின் வாசகத்தோடு 1970இல் குடிசை மாற்று வாரியம் தொடங்கப்பட்டது. மறு ஆண்டே குடிசைப் பகுதிகளுக்கான தனிச் சட்டம் வந்தது. அச்சட்டத்தின்படி ஒரு பகுதி குடிசைப் பகுதி என்று அறிவிக்கப்பட்டால், அங்கே இருப்பவர்களை நினைத்த நேரத்தில் வெளியேற்ற முடியாது. குடிநீர், கழிப்பிடம், தெருவிளக்கு ஆகியவற்றைக் கேட்கவும் ஓர் ஆதாரம் கிடைக்கும். சென்னையில் அப்போது 1,202 பகுதிகள் கணக்கில் வந்தன. 1985இல் மேலும் 17 பகுதிகள் சேர்ந்தன. அதன்பின் பல பத்தாண்டுகளாக அப்பட்டியல் வளரவில்லை, ஆனால் நகரம் வளர்ந்தது. ஆற்றோரத்திலும் இரயில் பாதை ஓரத்திலும் கால்வாய்க் கரையிலும் பிறகு குடியேறியவர்கள் அரசின் சொல்லில் ‘ஆக்கிரமிப்பாளர்’ ஆனார்கள். நகரின் தென்கோடியில் உள்ள கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் பேருந்து ஏற்றி அனுப்பப்பட்ட குடும்பங்களைக் கேட்டுப் பாருங்கள். காசிமேட்டில் விடியற்காலை மீன் ஏலம் எடுத்து விற்றுவந்த ஒரு பெண்ணுக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தள்ளி வீடு கொடுத்தால், கையில் வீட்டுச் சாவி இருக்கும், கூடையில் மீன் இருக்காது.

பட்டியல் என்பதை அரசு எழுதுவதாக மட்டுமே நினைத்துவிடக் கூடாது. இங்கிருந்து நடந்துபோகும் தூரத்தில், ஓட்டேரியில், ஒடுக்கப்பட்ட மக்களின் தலைவரான இரட்டைமலை சீனிவாசனாரின் நினைவிடம் இருக்கிறது. வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கரோடு அமர்ந்தவர் என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்கு ஏறத்தாழ 40 ஆண்டுகளுக்கு முன், 1893இல், சிவில் சர்வீஸ் தேர்வை இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தபோது, அது நடந்தால் சாதி ஆதிக்கம் உள்ளவர்களே அதிகாரத்துக்கு வருவார்கள் என்று கருதி, அதை எதிர்த்து இங்கிலாந்து நாடாளுமன்றத்துக்கு அவர் ஒரு மனு அனுப்பினார். அதில் 3,412 பேர் கையெழுத்திட்டிருந்தார்கள். மனுவின் நீளம் 112 அடி. அவருடைய வாதத்தை ஏற்பவர்களும் மறுப்பவர்களும் இருக்கலாம். நான் அந்த நீளத்தைத்தான் நினைத்துப் பார்க்கிறேன். எழுத்தறிவு மறுக்கப்பட்ட மக்களிடம் ஒவ்வொருவராகப் போய், விளக்கிச் சொல்லி, பெயர் கேட்டு எழுதி வாங்காமல் 112 அடி சேர்ந்திருக்காது.

அடுத்து ஒரு கசப்பான வரலாற்றைச் சொல்ல வேண்டும், அதுவும் இந்தப் புளியந்தோப்பிலேயே நின்று. 1918 ஏப்ரல் 27இல் பின்னி ஆலை என்று நாம் சொல்லும் பக்கிங்காம் கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்களுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது. செல்வபதி செட்டியார், இராமானுஜுலு நாயுடு, பி.பி. வாடியா, திரு.வி.க. ஆகியோரின் உழைப்பில் எழுந்த அச்சங்கத்தை நாம் பெருமையோடு நினைக்கிறோம், நினைக்கவும் வேண்டும். மூன்று ஆண்டுகள் கழித்து, 1921இல், அதே ஆலையின் வேலைநிறுத்தத்தின்போது ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பகுதியினர் வேலைக்குத் திரும்பினார்கள். சாதி இந்துக்களும் இஸ்லாமியரும் ஒருபுறமும் ஆதிதிராவிடர் மறுபுறமுமாகப் பிரிந்தார்கள். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. ஆதிதிராவிடர் தலைவர் எம்.சி. ராஜா அவர்கள் தரப்பில் நின்று வாதாடினார். அம்மக்களைக் கருங்காலிகள் என்று சொல்லி முடித்துவிடுவது எளிது. வேலைநிறுத்தம் நீண்டால் முதலில் அடுப்பு அணைவது யார் வீட்டில் என்று சங்கம் கணக்கெடுத்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. ஆலைக்குள் தோளோடு தோள் நின்றவர்கள் ஆலைக்கு வெளியே ஒரே கிணற்றில் நீர் எடுக்கவில்லை என்றால், அந்த ஒற்றுமையில் ஓட்டை ஏற்கெனவே இருந்திருக்கிறது.

அந்த ஓட்டை இன்று நம் தெருவில் இல்லையா? மக்கள் என்று நாம் பொதுவாகச் சொல்லும்போது யார் விடுபடுகிறார்கள்? நகரைத் துப்புரவு செய்யும் தெலுங்கு பேசும் அருந்ததியர், ஆதி ஆந்திரர் குடும்பங்கள் நம் கூட்டங்களில் பின்வரிசையில் நிற்கின்றன. பட்டியல் சாதியினருக்கான ஒதுக்கீட்டுக்குள்ளேயே அருந்ததியருக்கு 2009இல் 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு கிடைத்தது, 2024இல் உச்ச நீதிமன்றமும் உள் ஒதுக்கீட்டை ஏற்றது. ஆயினும் சான்றிதழில் சாதிப் பெயர் சரியாக எழுதப்படாத பிள்ளைக்கு அந்த 3 விழுக்காட்டால் பயன் இல்லை. தலித் கிறித்தவர்களின் நிலை இன்னும் கடினமானது. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதியை இந்துக்களுக்கு மட்டும் என்று வரையறுத்தது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறித்தவரும் இஸ்லாமியரும் இன்றுவரை வெளியே நிற்கிறார்கள். ஒரே சந்தில், ஒரே சாதி இழிவைச் சுமக்கும் அண்ணன் தம்பி இருவரில் தேவாலயம் போகிறவர் பிற்படுத்தப்பட்டவர், மற்றவர் பட்டியல் சாதி. இஸ்லாமியக் குடும்பம் வாடகைக்கு வீடு கேட்டால், வீடு காலியாக இருக்கும்போதே ‘ஆள் வந்துவிட்டார்கள்’ என்று சொல்லி அனுப்புகிற தெருக்கள் நம்மிடம் உண்டு. திருநங்கையருக்கு 2008இல் நல வாரியம் கண்ட மாநிலம் இது. 2014இல் உச்ச நீதிமன்றமும் அவர்களை மூன்றாம் பாலினமாக ஏற்றது. நம் குடியிருப்போர் சங்கத்தில் ஒரு திருநங்கையின் பெயராவது உறுப்பினராக இருக்கிறதா?

பட்டியல் எழுதுவதால் என்ன கிடைத்துவிடும் என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். மலக்குழியில் இறங்கி இறந்தவர்களின் வழக்கைச் சொல்கிறேன். இறப்பு நடந்ததையே மறுத்த நிர்வாகங்களுக்கு எதிராக, செயற்பாட்டாளர்கள் ஊர் ஊராகப் போய் இறந்தவர்களின் பெயர்களைத் திரட்டினார்கள். 2013இல் கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் புதிய சட்டம் வந்தது. 1993 முதல் அப்படி இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 10 இலட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023 அக்டோபரில் அத்தொகை 30 இலட்சமாக உயர்ந்தது. பெயர் எழுதப்படாத சாவுக்கு இழப்பீடும் இல்லை, வழக்கும் இல்லை. பணம் கொடுத்து உயிரை ஈடுசெய்ய முடியாது என்பதை இறந்தவர்களின் தாய்மார்களிடம் நான் சொல்லத் தேவையில்லை.

ஆகவே ஒரு வேண்டுகோள். வரும் ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து நம் பகுதிக்கான பட்டியலை நாமே எழுதத் தொடங்குவோம். நீளமான நோட்டு ஒன்றும் பேனாவும் போதும், பென்சில் வேண்டாம். வீட்டு உரிமையாளரின் பெயருக்குக் கீழே வாடகைக்கு இருப்பவரின் பெயரையும், எத்தனை ஆண்டுகளாக இருக்கிறார் என்பதையும் எழுதுவோம். குடும்பத் தலைவர் என்ற இடத்தில் பெண் தன் பெயரைச் சொன்னால் அப்படியே எழுதுவோம். குடும்ப அட்டை, சாதிச் சான்றிதழ் ஆகியவற்றின் நகலைப் படிப்பகத்து அலமாரியில் வீட்டுக்கு ஓர் உறையாக வைப்போம். தீ வந்தாலும் வெள்ளம் வந்தாலும் இன்னொரு பிரதி இங்கே இருக்கும். வீட்டுக்காரருக்கு அஞ்சிப் பெயர் சொல்லத் தயங்குகிறவர்களை வற்புறுத்தாமல், இரவில் அவர்கள் வேலை முடிந்து வந்தபின் மறுபடியும் போவோம். மண்டல அலுவலகத்தில் மனு கொடுத்தால் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்ப வேண்டாம். பதில் வராவிட்டால் அந்த எண்ணைக் குறிப்பிட்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்போம்.

எந்த வீட்டில் தொடங்குவது என்று கூட்டத்துக்கு முன் இங்கே ஒரு பேச்சு நடந்தது. படிப்பகத்துக்குப் பக்கத்தில் தொடங்கினால் வசதி என்றார்கள். கால்வாய் ஓரத்துக் கடைசி வீட்டில் தொடங்குவோம். தெலுங்கு தெரிந்த மாணவர் ஒருவர் என்னோடு வர வேண்டும். காலை ஏழு மணிக்கு முன்பே போய்விட வேண்டும். அந்த வீட்டு அம்மா அதற்குள் துப்புரவு வேலைக்குக் கிளம்பிவிடுவார்.