கழுதை சுமந்தது கட்சியை அல்ல

நடுவர் அவர்களே, ஊர்ப் பெரியவர்களே, திருவிழாவுக்குத் திரண்டு வந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

கிராமத்தில் ஓட்டு அதிகம் விழக் காரணம் கட்சிப் பற்றா, உரிமை உணர்வா என்பது தலைப்பு. உரிமை உணர்வே என்பது எங்கள் அணி. 2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டிலேயே அதிகம் ஓட்டு விழுந்த தொகுதி தருமபுரி, 81.20 சதவீதம். குறைவாக விழுந்தது மத்திய சென்னை, 53.96 சதவீதம். புள்ளிவிவரம் இவ்வளவு போதும். எதிரணி அண்ணன் சொன்ன ஒரு வார்த்தைக்குப் பதில் சொல்லாமல் எனக்குச் சோறு இறங்காது.

"கிராமத்து வாக்காளர் பொதி கழுதை. அப்பன் ஏற்றிவிட்ட சின்னத்தைப் பிள்ளையும் சுமப்பான்" என்றார். கைதட்டும் வாங்கிவிட்டார்.

அண்ணே, கழுதை என்று ஆரம்பித்தது நீங்கள். அதனால் கழுதையைப் பற்றியே பேசுவோம். தருமபுரி மாவட்டத்தில் பென்னாகரம் பக்கம் கோட்டூர் மலை இருக்கிறது. வண்டி போகப் பாதை இல்லாததால் ஓட்டு மெஷினைக் கழுதை முதுகில் கட்டி மேலே அனுப்பினார்கள். பேப்பரில் படம் வந்ததே, பார்த்திருப்பீர்கள். அந்தப் படத்தில் கழுதையை மட்டும் பார்க்காதீர்கள் அண்ணே, பின்னால் யார் வருகிறார்கள் என்று பாருங்கள். அதிகாரி வருகிறார், போலீஸ் வருகிறார். கல்லிலும் முள்ளிலும் கால் வைத்து, வியர்த்து விறுவிறுத்து அரசாங்கமே வருகிறது.

இன்னொரு தடவை சொல்கிறேன், கடைசி வரிசைக்கும் கேட்கட்டும். முன்னால் கழுதை, பின்னால் அரசாங்கம்! மற்ற நாளெல்லாம் அந்த மலைக்காரர்தான் கீழே இறங்கி வர வேண்டும். ரேஷன் அட்டைக்கு இறங்க வேண்டும், சாதிச் சான்றிதழுக்கு இறங்க வேண்டும். பிரசவ வலி வந்தால் தொட்டில் கட்டித் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டும். இறங்கி வந்தாலும் அலுவலகத்தில் என்ன பதில்? "சார் மீட்டிங்ல இருக்கார், நாளைக்கு வா." அப்படிச் சொன்ன அரசாங்கம் மெஷினைத் தூக்கிக்கொண்டு மலை ஏறி வருகிற நாள் ஒன்று உண்டென்றால், அது ஓட்டுக்காக வருகிற நாள்தான். அந்த நாளை அவர் எப்படி விடுவார்? அண்ணே, அந்தக் கழுதை சுமந்தது எந்தக் கட்சியையும் அல்ல. ஒரு மலை கிராமத்தின் மனுவைச் சுமந்தது!

சரி, சின்னத்தை மாற்றாமல் சுமக்கிறார்களா? அதே தருமபுரியைப் பாருங்கள். 2014-இல் பா.ம.க.வுக்கு எம்.பி. பதவி கொடுத்தது. 2019-இல் தி.மு.க.வுக்குக் கொடுத்தது. அந்த 2019-இல் அதே நாளில் அரூருக்கும் பாப்பிரெட்டிப்பட்டிக்கும் சட்டமன்ற இடைத்தேர்தல். இரண்டும் தருமபுரி எம்.பி. தொகுதிக்குள் வருகிற ஊர்கள். எம்.பி. உதயசூரியன், எம்.எல்.ஏ.க்கள் இரண்டு பேரும் இரட்டை இலை! 2021-இல் மாவட்டத்தின் ஐந்து சட்டமன்றத் தொகுதிகளும் அ.தி.மு.க. கூட்டணிக்கு. 2024-இல் மறுபடியும் எம்.பி. தி.மு.க. எந்தக் கழுதை அண்ணே இப்படிப் பொதியை மாற்றி மாற்றி ஏற்றிக்கொள்ளும்? இறக்கி வைக்கத் தெரிந்தவனைக் கழுதை என்று சொல்லலாமா?

போடாமல் இருக்கவும் கிராமத்துக்குத் தெரியும். பரந்தூர் விமான நிலையத்துக்கு நிலம் கொடுக்க மாட்டோம் என்று போராடிய ஏகனாபுரம், 2024-இல் தேர்தலையே புறக்கணித்தது. லீவு கிடைத்தது என்று வீட்டில் படுத்துக் கிடப்பது வேறு, ஊரே கூடிப் பேசிப் போகாமல் இருப்பது வேறு.

எதிரணி அம்மா ஒருவர், பணம் வாங்குகிறார்களே என்றார். வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், அது தப்புதான். ஆனால் திருப்பூரிலும் பெங்களூரிலும் கூலி வேலை செய்கிறவர், ஒரு நாள் சம்பளத்தை விட்டு, பஸ்ஸில் நின்றுகொண்டே ஊருக்கு வருகிறார். அதற்கு எந்த நோட்டும் ஈடாகாது.

நடுவர் அவர்களே, மணி அடித்துவிடாதீர்கள். ஒரு பாட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் அப்பத்தா. 2024-இல் எண்பத்தைந்து வயதைத் தாண்டியவர்கள் வீட்டிலிருந்தே ஓட்டுப் போடலாம் என்று ஏற்பாடு இருந்தது. படிவத்தோடு வந்தவரை அப்பத்தா திருப்பி அனுப்பிவிட்டது. "நான் பள்ளிக்கூடத்துக்கே வர்றேன்." வெயிலைச் சொன்னோம், முட்டி வலியைச் சொன்னோம், கேட்கவில்லை. கூட்டிக்கொண்டு போனேன். உள்ளே முதல் அலுவலர் பட்டியலைப் புரட்டி, வரிசை எண்ணையும் பெயரையும் சத்தமாகப் படித்தார். எல்லாக் கட்சி ஏஜெண்டுகளும் தலை நிமிர்ந்து பார்த்தார்கள். அப்பத்தா சேலையைச் சரி செய்துகொண்டு, "நான்தான்" என்றது.

ஊரில் அதை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இன்னார் பெண்டாட்டி, இன்னார் அம்மா, தாத்தா போன பிறகு அந்தக் கிழவி. நல்லது கெட்டதில் முன்னால் நிற்க விட்டதில்லை. சொந்தப் பெயர் நாலு பேர் காதில் விழுகிற ஒரே இடம் அதற்கு அந்த வாக்குச்சாவடிதான்.

தாய்மார்களே, 1951-52 முதல் பொதுத்தேர்தலில், சொந்தப் பெயரைச் சொல்லாமல் இன்னார் மனைவி, இன்னார் மகள் என்றே எழுதிக் கொடுத்த பெண்கள், பெரும்பாலும் வடக்கே, ஏறத்தாழ 28 லட்சம் பேர். பெயர் இல்லாமல் பட்டியலில் சேர்க்க முடியாது என்று உறுதியாக நின்றார் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென். அவர்களுக்கு அந்தத் தேர்தலில் ஓட்டு இல்லாமல் போனது.

நடுவர் அவர்களே, எங்கள் அப்பத்தா எந்தச் சின்னத்தை அமுக்கியது என்று எனக்குத் தெரியாது. கேட்டேன், "உனக்கு எதுக்குடா அது" என்று விட்டது. மை வைத்த விரலைத் தெரு முழுக்கக் காட்டிக்கொண்டு நடந்தது. அதைக் கட்சிப் பற்று என்று மட்டும் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள் ஐயா. வணக்கம்.