புள்ளிக்குப் பின்னால் நிற்கும் எண்

நேயர்களுக்கு வணக்கம். தொடக்கப் பள்ளிக் குழந்தைகள் பின்னத்தையும் தசமத்தையும் எவ்வாறு புரிந்துகொள்கிறார்கள் என்பது நெடுங்காலமாக என் கவனத்தில் இருந்துவரும் பொருள். உங்கள் வீட்டில் ஐந்தாம் வகுப்புப் படிக்கும் குழந்தை இருந்தால், 0.5 பெரியதா, 0.25 பெரியதா என்று கேட்டுப் பாருங்கள். ஐந்தைவிட இருபத்தைந்து பெரியதாயிற்றே என்று எண்ணி, 0.25 என்று தயங்காமல் சொல்லும் குழந்தைகள் பலர். அரைக் கிலோ சர்க்கரை அதிகமா, கால் கிலோ அதிகமா என்று கேட்டால் அதே குழந்தை தவறாமல் சரியான விடையைச் சொல்லிவிடும். ஆகவே, குழந்தைக்கு அளவு தெரியாமல் இல்லை. அந்த அளவை எழுதிக் காட்டும் முறைதான் பிடிபடவில்லை.

புள்ளியை இரண்டு முழு எண்களுக்கு நடுவே எழுப்பிய சுவராகக் குழந்தை பார்க்கிறது. பணக் கணக்கு அந்த எண்ணத்தை வலுப்படுத்துகிறது. 1957 ஏப்ரல் 1 முதல் ரூபாய்க்கு நூறு காசு என்றானபின், ரூ. 12.50 என்று எழுதினால் இடப்பக்கம் ரூபாய், வலப்பக்கம் காசு. காசை எப்போதும் இரண்டு இலக்கமாகவே எழுதுவதால் தவறான புரிதல் வெளியே தெரிவதே இல்லை. போதாக்குறைக்கு, இருபத்தைந்து காசு நாணயமும் 2011-இல் செல்லாததாகிவிட்டது; காசையே கையில் தொட்டறியாத குழந்தைக்குக் காசைக் காட்டித் தசமம் சொல்லித்தருகிறோம்.

எல்லாப் புள்ளியும் தசமப் புள்ளி அன்று என்பதற்கு நான் எங்கு பேசினாலும் கிரிக்கெட்டைச் சொல்வதுண்டு, இங்கும் சொல்லிவிடுகிறேன். திரையில் 4.3 ஓவர் என்று காட்டினால், நான்கு ஓவரும் மூன்று பந்தும் வீசப்பட்டன என்று பொருள். ஓவருக்கு ஆறு பந்து என்பதால் மூன்று பந்து அரை ஓவர். உண்மையான தசமக் கணக்கில் அது 4.5 ஓவர். அதற்குள் 27 ஓட்டங்கள் எடுத்திருந்தால் ஓட்ட விகிதம் சரியாக 6, 27-ஐ 4.3-ஆல் வகுத்தால் தவறான விடையே வரும். திரையில் 4.5-க்குப் பின் 4.6 வராமல் நேராக 5 வருவதேன் என்று குழந்தையிடம் கேளுங்கள். அந்தப் புள்ளி தசமப் புள்ளி அன்று என்பதைக் குழந்தை தானாகவே கண்டுகொள்ளும். உண்மையான தசமப் புள்ளிக்குப் பின்வரும் முதல் இலக்கம் பத்தில் இத்தனை பங்கு, அடுத்தது நூறில் இத்தனை பங்கு. ஆகவே 0.25 என்பதைப் ‘பூஜ்யம் புள்ளி இரண்டு ஐந்து’ என்று இலக்கம் இலக்கமாகவே படிக்கப் பழக்குங்கள்.

இதற்கு நல்ல கருவி குழந்தையின் ஜியோமெட்ரி பாக்ஸிலேயே இருக்கிறது. ஸ்கேலில் ஒரு சென்டிமீட்டர் பத்து மில்லிமீட்டராகப் பிரிந்திருக்கும். அதில் 0.5 சென்டிமீட்டரைத் தொடச் சொல்லுங்கள். விரல் ஐந்தாவது கோட்டில், சற்றே நீண்டிருக்கும் கோட்டில் நிற்கும். 0.25 சென்டிமீட்டரோ இரண்டாவது கோட்டுக்கும் மூன்றாவது கோட்டுக்கும் நடுவில் இருக்கிறது. எது பெரியது என்பதைக் குழந்தை அங்கேயே பார்த்துவிடும்.

பின்னங்களின் வகுத்தலையும் விளக்க எண்ணியிருந்தேன். நேரம் நெருங்கிவிட்டதால் ஒன்றை மட்டும் சொல்கிறேன். தலைகீழாக்கிப் பெருக்கு என்ற விதியைச் சொல்லும் முன், அரை லிட்டர் பாலில் எத்தனை கால் லிட்டர் இருக்கிறது என்று கேளுங்கள். இரண்டு என்று குழந்தை சொன்னபிறகு, ½ ÷ ¼ = 2 என்று எழுதிக் காட்டுங்கள். வணக்கம்.