எந்த நாளில் திதி கொடுப்பது?

(சேலம் செவ்வாய்ப்பேட்டை வாசகர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் ஐயா அவர்களே, முன்னிலை வகிக்கும் மாமன்ற உறுப்பினர் அம்மா அவர்களே, எனக்கு முன்னால் பேசி என் நேரத்திலும் கொஞ்சம் எடுத்துக்கொண்ட பேராசிரியர் அவர்களே, கடைசிப் பேருந்தைத் தவறவிடும் துணிச்சலோடு ஏற்காட்டிலிருந்து இறங்கி வந்திருக்கும் தோட்டத் தொழிலாளர் தோழர்களே, மைக் செட்டுக்குக் காசு வாங்காத தம்பி அவர்களே, தாய்மார்களே, வணக்கம். பொன்னாடையைக் கழற்றி வைத்துவிட்டுப் பேசுகிறேன். சேலத்து வெயில், தலைவர் கோபித்துக்கொள்ளக் கூடாது.

இரண்டாம் உலகப் போரில் எந்த நாடு எவ்வளவு இழந்தது என்று பேசச் சொன்னார்கள். மூன்று செய்தி சொல்கிறேன். ஒன்று உயிர்க் கணக்கு, இரண்டாவது பசி, மூன்றாவது செத்தவர்களின் பேர்.

எங்கள் அம்மா யார் வீட்டுத் துக்கத்துக்குப் போய் வந்தாலும் "வீட்டுக்கு வீடு வாசப்படி" என்பார். சோவியத் நாட்டில் செத்தவர்கள் சுமார் 2 கோடியே 70 லட்சம். சீனாவில் ஒன்றரைக் கோடி முதல் இரண்டு கோடி வரை சொல்கிறார்கள். போலந்தில் 60 லட்சத்தை ஒட்டி. அதில் பாதிப்பேர் யூதர்கள். தோற்ற ஜெர்மனியில் 50 லட்சத்துக்கும் மேல், ஜப்பானில் 30 லட்சம் அளவில். ஜெயித்த வீட்டிலும் ஒப்பாரி, தோற்ற வீட்டிலும் ஒப்பாரி. வீட்டுக்கு வீடு வாசப்படி!

பசிக்கு வருகிறேன். ஜெர்மன் படையின் முற்றுகையில் கிடந்த சோவியத் நகரம் லெனின்கிராடில் 1941 குளிர்காலத்தில் குழந்தைக்கு ஒரு நாளைக்கு 125 கிராம் ரொட்டி. வங்கத்தில் 1943-ல் பஞ்சத்தில் செத்தவர்கள் 30 லட்சம் வரை இருக்கும். அதற்குத் தனிக் கூட்டமே போட வேண்டும். இப்போது பேருக்குப் போகிறேன். நான் வந்ததே அதற்குத்தான்.

ஓமலூர்ப் பக்கம் ஒரு பாட்டி. சண்டைக்கு முன்னாலேயே, தோட்டத்துக்கு ஆள் பிடிக்கும் கங்காணி பேச்சைக் கேட்டு அவர் புருஷன் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி மலாயா ரப்பர் தோட்டத்துக்குப் போனார். மாதம் தவறினாலும் கடுதாசி தவறாது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பான்காரன் கைக்குப் போனது, கடுதாசி நின்றது. பாட்டி தினமும் தபால்காரருக்கு மோர் கொடுத்து "எங்களுக்கு இருக்குதாப்பா?" என்று கேட்பார். மோர் குடித்தே அந்த மனுஷன் ஒரு சுற்றுப் பெருத்துவிட்டார் என்று ஊரில் கேலி. அவர் மாற்றலாகிப் போகும்போது புதியவரிடம் சொன்னாராம்: "அந்த வூட்டுக்குக் கடுதாசி வராது. ஆனாலும் எட்டிப் பாத்துட்டுப் போ, அந்த அம்மா மோரை வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கும்."

சண்டை முடிந்து அதே தோட்டத்தில் வேலை பார்த்த பக்கத்து ஊர்க்காரர் திரும்பினார். "சயாம் ரயிலு போடப் புடிச்சுட்டுப் போனாங்க அத்தே. காட்டுல வாந்திபேதி கண்டுச்சு." பாட்டி அழவில்லை. "என்னிக்கு? திதி குடுக்கோணுமே" என்றார். காட்டில் நாள்காட்டி ஏது? "மழைக்காலம்" என்றுதான் அவரால் சொல்ல முடிந்தது. நாள் தெரியாதவர்களுக்கு மகாளய அமாவாசை. வருஷா வருஷம் மகனை மேட்டூர்க் காவிரிக்கு அனுப்பி எள்ளும் தண்ணீரும் இறைக்க வைத்தார்.

சயாம் என்றால் இன்றைய தாய்லாந்து. அங்கிருந்து பர்மாவுக்கு ஜப்பான்காரன் போட்ட அந்த ரயில் பாதை 415 கிலோமீட்டர். அதில் மாண்ட வெள்ளைக்காரப் போர்க் கைதிகள் 12,000-க்கும் மேல். தாய்லாந்தின் காஞ்சனபுரி கல்லறைத் தோட்டத்தில் மட்டும் ஏறத்தாழ 7,000 பேர் கிடக்கிறார்கள். பேர் தெரிந்தவனுக்கெல்லாம் பேர் பொறித்த கல். நல்லது, இருக்கட்டும். ஆசியக் கூலிகளில் செத்தவர்கள் 90,000 இருக்கலாம் என்கிறார்கள். "இருக்கலாம்"! அதில் பல்லாயிரம் தமிழர்கள். கைதிக்குப் பதிவேடு இருந்தது, கூலிக்கு அதுவும் கிடையாது.

நடுகல் நட்ட மண் ஐயா இது. தர்மபுரி 1965-ல் பிரியும் முன் அதுவும் சேலம் மாவட்டம்தான். மாடு மீட்டுச் செத்தவனுக்கு அங்கே எத்தனை கல்! செங்கம் பக்கம் எடுத்தனூரில், எஜமானுக்குக் காவல் நின்று கள்ளரைக் கடித்த கோவிவன் என்ற நாயின் பேரைக்கூடப் பொறித்திருக்கிறார்கள். மலாயாவுக்குப் போனவன் அந்த நாய்க்கும் கீழா? வீட்டுக்கு வீடு வாசப்படி என்றால், கல் மட்டும் ஏன் சில வீட்டுக்கு?

இந்த மாவட்டத்திலிருந்து மலாயாவுக்கும் பர்மாவுக்கும் போய்த் திரும்பாதவர்களுக்குச் சேலத்தில் ஒரு பேர்க்கல் வேண்டும். செலவென்று யாரும் சொல்லாதீர்கள். சேலத்தில் கல்லுக்கா பஞ்சம்?

தலைவர் மணியைத் தொட்டுவிட்டார். வாசலில் மேசை போட்டு மனு வைத்திருக்கிறோம். கையெழுத்தோடு உங்கள் வீட்டிலிருந்து போனவர் பேர், ஊர், தோட்டத்தின் பேர், தெரிந்த அளவுக்கு எழுதுங்கள். பழைய கடுதாசி இருந்தால் அசலைத் தர வேண்டாம், நகல் போதும். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடம் கொடுக்கிறோம். ஏற்காட்டுக்காரர்கள் முதலில் போட்டுவிட்டுக் கிளம்புங்கள், பேருந்துக்கு நேரமாகிறது.